பெரிய வெள்ளியின் மௌனம்

சாலக்கடவு
8 ஜனவரி 1986

மதிப்பிற்குரிய முன்னாள் சிஸ்டர் எலிசுவா அவர்களுக்கு,

இயேசுவுக்குத் தோத்திரம். சாலக்கடவு இறைச்சிக்கடை பொறிஞ்சு எழுதிக்கொள்வது. உங்களோடு ஒரே வயிற்றில் பிறந்த தம்பி. ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

என் பெண்டாட்டி பிரிஜித்தா புத்தாண்டுக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி உங்கள் மலைக்கு வந்துவிட்டதாகக் கண்டக்டர் சொன்னான். பிண்டிப் பெருநாளுக்கு ஊரெல்லாம் வாசலில் வாழைத்தண்டு நட்டு விளக்கு வைத்தார்கள். என் வாசலிலும் தண்டு நட்டேன். ஏற்றத்தான் ஆளில்லை. மகள் ஷைனி ஏற்றினாள். பதிமூன்று வயதுப் பெண், கையைச் சுட்டுக்கொண்டாள். கடைக்கு வருகிறவன் எல்லாம் விசாரிக்கிறான். "என்ன பொறிஞ்சு, ஒம் பொண்டாட்டி மலையில தலைகீழா நிக்கிறாளாமே? சாமி காலு வழியா எறங்குமோ?" என்று ஒருவன் கேட்டான். கையிலிருந்த கத்தியை அவன் விரலுக்கு ஒரு அங்குலம் தள்ளிக் கட்டையில் இறக்கினேன். அப்புறம் ஈரலை வாங்கிக்கொண்டு பேசாமல் போனான்.

மரியாதை இவ்வளவு போதும். சேச்சி, நீ மடத்தை விட்டு வந்தாய், போகட்டும். திருவருகைக்கு ஒரு மூச்சு, தவக்காலத்துக்கு ஒரு ஆசனம் என்று புதுசாக ஒரு வேதம் கண்டுபிடித்தாய், அதுவும் போகட்டும். பங்குச் சாமியார் உன்னைப் பற்றிப் பிரசங்கத்தில் சொன்னபோது தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் என் வீட்டு ஆளை நீ வைத்துக்கொள்ள முடியாது.

அடித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. விலா எலும்பு விறகுக் கட்டையில் விழுந்ததால் உடைந்தது, அதை என் கணக்கில் எழுதாதே. அடிக்கிற கைதான் அணைக்கும். இந்த மாசம் முடிவதற்குள் அனுப்பிவிடு. இல்லாவிட்டால் நானே வருவேன். மாடு வெட்டுகிறவன் என்னத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருவான் என்று உனக்குத் தெரியும்.

பொறிஞ்சு


மலைவீடு, குறிஞ்சிமுடி
16 ஜனவரி 1986

பொறிஞ்சு,

அடிக்கிற கைதான் அணைக்குமா? உன் கை பதினைந்து வருடத்தில் எத்தனை முறை அணைத்தது என்று அவளிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஷைனி பிறந்த அன்றைக்கு என்றாள். வெட்கமாக இல்லையா உனக்கு? கத்தியோடு வா. இங்கே அவளைச் சேர்க்காமல் நாங்கள் மூன்று பெண்கள் இருக்கிறோம், ஒரு அரிவாளும் இருக்கிறது. நீ பார்க்கிற வேலையை நம் அப்பன் எனக்கும்தான் காட்டிக்கொடுத்தான்.

நான் புது வேதம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வருடத்தைக் கோயில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. திருவருகைக்காலம் காத்திருக்கிற காலம். அப்போது மூச்சை உள்ளே வாங்கி நிறுத்துகிறோம். பிண்டிப் பெருநாளில் கண் இமைக்காமல் விளக்கைப் பார்க்கிறோம். நோன்பில் மூச்சை வெளியே விட்டு வெறுமையாக இருக்கிறோம். பெரிய சனியன்று, ஆண்டவர் கல்லறையில் கிடந்த நாளில், சவாசனம். உயிர்த்த ஞாயிறு விடியும்போது கிழக்கைப் பார்த்துச் சூரிய நமஸ்காரம். நம் முன்னோர்கள் கிழக்கைப் பார்த்து நின்று ஜெபித்தவர்கள்தானே, இதில் எது உங்கள் பங்குச் சாமியார் தொண்டையில் சிக்குகிறது?

பிரிஜித்தா முதல் மூன்று நாள் கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் துள்ளினாள். இப்போது உட்கார்ந்தால் அரை மணி நேரம் அசைவதில்லை. அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும்.

அவளை அனுப்பாமல் வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஷைனி, ஷைனி என்று தூக்கத்தில்கூடப் பேசுகிறாள். இருபதாம் தேதி பஸ் ஏற்றுகிறேன். ஐம்பது நாள் நோன்புக்கான பயிற்சியை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நோட்டைத் தொட்டாயானால் உன் கை விளங்காமல் போகும்.

எலிசுவா


சாலக்கடவு
3 மார்ச் 1986

சேச்சிக்கு,

உன் நோட்டைத் தொடவில்லை. கை விளங்குகிறது.

நோன்பு நான்காவது வாரம். கடை பூட்டி மூன்று வாரமாகிறது. இந்த ஐம்பது நாளில் ஊர் முழுக்கப் புண்ணியவான் ஆகிறது, இறைச்சிக்காரன் மட்டும் பைத்தியமாகிறான். வெட்டிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வேலிக்கு முள் வெட்டினேன், கிணற்றைத் தூர் வாரினேன், இரண்டு நாளைக்கு ஒருமுறை கத்திகளுக்குச் சாணை பிடிக்கிறேன். உன் சிஷ்யை விடிகாலையில் சிலுவைக்கு முன்னால் கால் மடித்து உட்கார்ந்து புஸ் புஸ் என்று மூச்சு விடுகிறாள். பக்கத்தில் ஷைனியும். மாட்டுத் தொழுவத்தில் படுத்திருப்பதுபோல் இருக்கிறது எனக்கு.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் மாறித்தான் இருக்கிறாள். நான் சத்தம் போட்டால் முன்பு நடுங்குவாள். இப்போது நேராகப் பார்க்கிறாள். மாடு அப்படிப் பார்த்தால் நாங்கள் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் வெட்டுவோம்.

போன புதன்கிழமை கஞ்சியில் உப்பில்லை. ஒரு அறை விட்டேன். அவள் ஊரைக் கூட்டினாள். அடுத்த வீட்டு லோனப்பன் வழக்கம்போல் வேலியைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தான். "விடுடா பொறிஞ்சு! நோம்பு நாள்லகூட ஒனக்கு ரத்தம் கேக்குதா?" அவன் பிடித்தால் நான் விட்டுவிடுவேன். அப்புறம் அவன் வீட்டில் போய்க் கட்டஞ்சாயா குடிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடப்பு. அவன் கேலி செய்கிறான்: "எங்க வீட்டுக்குக் கடிகாரமே வேணாம்பா. ஒம் பொண்டாட்டி கத்துனா மணி நாலு." சாயாக்கடை முழுக்கச் சிரித்தார்கள். மானம் போகிறது சேச்சி.

நீதான் மூச்சை அடக்கச் சொல்லித்தருகிறவள் ஆயிற்றே. இவள் வாயை அடக்கவும் கொஞ்சம் சொல்லிக்கொடேன். அதைச் செய்தாயானால் உன் யோகத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பங்குச் சாமியாரிடமும் உனக்காகப் பேசுகிறேன்.

பொறிஞ்சு


மலைவீடு
18 மார்ச் 1986

அன்புள்ள பொறிஞ்சு,

பிறந்ததிலிருந்து நீ என்னிடம் கேட்ட முதல் உதவி இது. கேலியாகத்தான் கேட்டாய், தெரியும். இருந்தாலும் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். கத்துவதால் அவளுக்கு என்ன கிடைத்தது? நாலு பேர் சிரிப்புதான் கிடைத்தது. நீ அவமானத்தில் இன்னும் மூர்க்கமாகிறாய். எதிரொலி இல்லாவிட்டால் உன் கோபம் தானாக அடங்கும் என்று எனக்குப் பட்டது. தீயில் நெய் விடாமல் இருந்தால் தீ அணைந்துதானே ஆக வேண்டும்.

அவளுக்கு எழுதினேன். பெரிய வியாழனன்று பெசகா அப்பம் பிட்டுத் தின்ற பிறகு, சனிக்கிழமை கோயில் மணி மறுபடி அடிக்கிற வரை மௌனம். அந்த இரண்டு நாளும் மணியே நாக்கை அடக்கிக்கொள்கிறது, மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள். ஏரோதுக்கு முன்னால் ஆண்டவரும் வாய் திறக்கவில்லை. யார் என்ன செய்தாலும் சத்தம் போட மாட்டேன் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்து பதில் போட்டிருக்கிறாள். எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? சந்தோஷமாக இருக்கிறாள்.

உனக்கு ஒரே ஒரு வேலை. அந்த இரண்டு நாளும் அவளிடம் எதையும் கேட்காதே. வேண்டியதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள். சனிக்கிழமை முழுக்க சவாசனத்தில் கிடப்பாள், ஷைனியை எழுப்பவிடாதே.

உயிர்ப்புத் திருநாளுக்கு நீங்கள் மூவரும் இங்கே வந்தால் என்ன?

உன் சேச்சி


மாவட்டச் சிறை
22 ஏப்ரல் 1986

சேச்சிக்கு,

இதை வக்கீல் குமாஸ்தா மூலம் அனுப்புகிறேன். வார்டன் கண்ணில் படாமல் வருகிறது. படித்ததும் எரித்துவிடு.

நீ அடக்கத்துக்கு வந்ததாகவும், என் வீட்டிலேயே தங்கி ஷைனியைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நன்றி. என்னை நீ வந்து பார்க்கவில்லை. அதுவும் சரிதான்.

வக்கீல் சொல்கிறதைக் கேள். ஐம்பது நாள் பட்டினி. விடிகாலை மூச்சுப் பயிற்சி. ஏற்கெனவே உடைந்த விலா. பெரிய வெள்ளியன்று வெறும் வயிற்றில் கோயிலில் பாகற்காய்ச் சாறு வேறு குடித்துவிட்டு வந்தாள். அடுக்களையில் தலை சுற்றி அம்மியில் விழுந்தாள். நான் தூக்கப் போனேன். இதுதான் நடந்தது. நோன்பு காலத்துக்கு என்று நீ எழுதிக் கொடுத்த பயிற்சி கடுமையானது, மயக்கம் வரக்கூடியது, அவள் மலைவீட்டில் இருந்தபோதே ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள் என்று நீ கோர்ட்டில் சொன்னால் போதும். நான் அடித்தது உனக்குத் தெரியாது என்றும் சொல். உன் மேல் எந்தக் குற்றமும் வராது என்று வக்கீல் சொல்கிறார். யோகத்தில் மயக்கம் வருவது சகஜம்தானாம்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும். ஷைனிக்கு அம்மா இல்லை. அப்பாவையும் இல்லாமல் ஆக்கிவிடாதே.

பொறிஞ்சு


சாலக்கடவு
3 மே 1986

பொறிஞ்சு,

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிறகு அவளைக் குளிப்பாட்டியது நான். நானும் லோனப்பன் பெண்டாட்டி குஞ்ஞன்னமும். அம்மியில் ஒருமுறை விழுந்தால் ஒரு காயம் இருக்கும். எனக்கு எண்ணத் தெரியும். தாடை உடைந்திருந்தது. இடது காது கிழிந்து தொங்கியது. முன்பல் இரண்டு இல்லை. முதுகில் உன் பாதம் பதிந்திருந்தது, பொறிஞ்சு, விரல் ஐந்தும் தெரிந்தது. குஞ்ஞன்னம் வெளியே ஓடிவிட்டாள். நான் கழுவி முடித்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அதை இப்போது எழுத எனக்குத் தெம்பில்லை.

பொய் சொல்லச் சொல்கிறாயா? அவள் பிணத்தின் மேல் ஏறி நின்று நீ தப்பிக்க நான் படிக்கட்டா? உன் வக்கீலுக்கு மூளை இருக்கிறது. நான் பொய் சொன்னால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று கண்டுபிடித்திருக்கிறான். ஷைனி உன் சட்டைகளையெல்லாம் கடைக்குப் பின்னால் போட்டு எரித்தாள். தடுக்கவில்லை. நானும் இரண்டு எடுத்துப் போட்டேன்.

கடிதத்தை எரிக்கவில்லை.

எலிசுவா


மாவட்டச் சிறை
10 ஜூலை 1986

ஏய் எலிசுவா,

விடுதலையாகிப் போகிற ஒருவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ எண்ணினாயா? நானும் எண்ணித்தான் பார்க்கிறேன், தினமும். கேட்டுக்கொள்.

பெரிய வெள்ளி, நாலு மணி. ஷைனி கோயிலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. உயிர்ப்புத் திருநாள் வியாபாரத்துக்காக மறுநாள் ராத்திரி வெட்ட மூன்று மாடு சொல்லிவைத்திருந்தேன். சாணைக்கல்லைக் காணோம். அவள் சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "கல்லு எங்கடி?" என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. நீ எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது, கேட்கக்கூடாது என்று. வந்தும் கேட்டேன். கையையாவது காட்டித் தொலைத்திருக்கலாம். ஐம்பது நாளாக அடக்கிவைத்தது எல்லாம் அன்றைக்குக் கையில் ஏறியது. அறைந்தேன். சாய்ந்தாள், எழுந்தாள், திரும்பக் கால் மடித்து உட்கார்ந்தாள். மூச்சு விட்டாள். புஸ் புஸ் என்று, என் முகத்துக்கு நேராக.

அவள் கத்தவில்லை சேச்சி.

அவள் கத்துவாள். லோனப்பன் வருவான். கையைப் பிடிப்பான். நான் விடுவேன். எனக்கு விடத் தெரியாது, அவன் வந்துதான் விடுவிப்பான், பதினைந்து வருடமாக அப்படித்தான். அன்றைக்கு நான் அடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். இவன் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்தேன். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கஞ்சியும் பயறும் தின்றுகொண்டிருந்தான். "கத்துடி! கத்தித் தொலைடி!" என்று நான்தான் அவளிடம் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஊருக்குக் கேட்கக் கூடாதென்று. அவள் வாயைத் திறக்கவே இல்லை. அப்புறம் அம்மி.

நீ எழுதிக் கொடுத்தபடியே சனிக்கிழமை முழுக்கச் சவாசனத்தில் கிடந்தாள். பிணவறையில்.

என் கை கொன்றது, ஒப்புக்கொள்கிறேன். அவள் வாயைக் கட்டியது யார்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கோர்ட்டில் போய் உண்மை சொல்லப் போகிறாயா? சொல். முழுசாகச் சொல். உன் மலைவீட்டை அவர்கள் கல் கல்லாகப் பிடுங்கி எறிவார்கள். இல்லாவிட்டால் மயங்கி விழுந்தாள் என்று சொல், இரண்டு பேரும் பிழைப்போம்.

சாணைக்கல் கடையில் வெட்டுக்கட்டைக்குப் பின்னால் இருந்ததாம். போலீஸ்காரன் சொன்னான்.

பொறிஞ்சு


சாலக்கடவு
14 செப்டம்பர் 1986
திருச்சிலுவைத் திருநாள்

பொறிஞ்சு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுதவில்லை. இந்த இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் கண்மூடி உட்காரவில்லை. உட்கார்ந்தால் மூச்சு வருகிறது, மூச்சோடு அவள் வாய் வருகிறது.

அன்றைக்கு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அவள் கீழுதடு உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. நீ அடித்ததில் கிழிந்தது அல்ல. அவளே கடித்தது. பல் அழுந்திய இடம் வரிசையாகத் தெரிந்தது. சத்தம் வெளியே வந்துவிடக்கூடாதென்று கடித்திருக்கிறாள். எனக்குக் கொடுத்த சத்தியம், பொறிஞ்சு. குஞ்ஞன்னம் அதைப் பார்த்துவிட்டு, "பாவி, இந்த வாயை எதுக்குடி இப்படிக் கடிச்சே? ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று பிணத்தைப் பிடித்து உலுக்கினாள். நான் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மௌனம் நன்றாக வருமே.

அந்தப் பழைய நெல் பத்தாயம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பன் குடித்துவிட்டு அம்மையை அடிக்க ஆரம்பித்ததும் உன்னைத் தூக்கிக்கொண்டு அதற்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்வேன். எனக்கு ஒன்பது வயது, உனக்கு நாலு. நெல் தூசியில் இருமல் வரும். இருமினால் கண்டுபிடித்துவிடுவான். மூச்சை மெல்ல இழுத்து, நிறுத்தி, மெல்ல விடப் பழகினேன். நீ அழுவாய், உன் வாயை என் கையால் பொத்துவேன். வெளியே அம்மை கத்துவாள். அவளுக்கு ஒரு லோனப்பன் இருக்கவில்லை. நாம் இரண்டு பேரும் உள்ளே சமர்த்தாக இருந்தோம்.

பிற்பாடு மடத்தில் ஒரு குரு பிராணாயாமம் சொல்லித்தந்தபோது, "இது உனக்கு முன்பே வருகிறதே" என்று ஆச்சரியப்பட்டார். பெருமையாக இருந்தது. தியானம் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி பத்தாயத்துக்குள் கற்றது. அடிக்கிறவன் காதில் விழாமல் இருக்கிற வித்தை. அதற்குத் தவக்காலம் என்று பெயர் வைத்து, ஆண்டவரின் மௌனத்தைச் சாட்சிக்கு இழுத்து, அடி வாங்குகிற ஒருத்தியிடம் கொடுத்தேன். ஆண்டவர்கூடச் சிலுவையில் உரத்த குரலில் கூப்பிட்டார். நான் அந்த வரியை வருஷா வருஷம் வாசித்திருக்கிறேன், பொறிஞ்சு. அவளிடம் சொல்லவில்லை.

யோகம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பங்குச் சாமியாருக்கு அந்தச் சந்தோஷத்தைத் தர மாட்டேன். அவள் முதுகு நிமிர்ந்தது அதனால்தான். அந்த நிமிர்ந்த முதுகோடு அவளை நான் உன்னிடம் திருப்பி அனுப்பினேன்.

என்ன சாட்சி சொல்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பயமாக இருக்கிறது. உனக்காக இல்லை. எனக்காக.

எலிசுவா


மத்தியச் சிறை
26 பிப்ரவரி 1987

எலிசுவாவுக்கு,

பத்து வருடம்.

கோர்ட்டில் என் ஜூலைக் கடிதத்தை நீ எடுத்து நீட்டியபோது உன் கையைப் பார்த்தேன். நடுங்கவே இல்லை. என் வக்கீல் உன் மார்ச் கடிதத்தைக் காட்டி, "வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?" என்று கேட்டான். நீ அழுவாய், மறுப்பாய் என்று நினைத்தோம். "நான்தான். அடிப்பான்னு தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன். தெரிஞ்சேதான் கத்தாதேன்னு சொன்னேன்" என்று நீ நீதிபதியைப் பார்த்துச் சொன்னாய். எவனோ பின்னாலிருந்து "சூனியக்காரி" என்று கத்தினான். ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து கடிதம் வந்து உன் மலைவீட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றும், உன்னோடு இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்றும் பேப்பரில் படித்தேன். திருப்தியா?

பத்து வருடம் கழித்து வெளியே வரும்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. இங்கே சமையல்கட்டில் என்னைப் போட்டிருக்கிறார்கள். கத்தி தர மாட்டார்கள், பாத்திரம் கழுவுகிறேன். கழுவும்போது உன் கழுத்தை நினைத்துக்கொள்கிறேன். வெளியே வந்தால் முதலில் உன்னிடம்தான் வருவேன். உன்னை வெட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வருவேன். சத்தியம்.

ஷைனியிடம் ஒன்று மட்டும் சொல்லாதே. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே அடித்தேன் என்பதை. மற்ற எல்லாவற்றையும் சொல்.

பொறிஞ்சு


சாலக்கடவு
18 ஏப்ரல் 1987
பெரிய சனி

பொறிஞ்சு,

வா. பத்து வருடம் கழித்து வா. வாசல் கதவைச் சாத்த மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் இப்போது கத்துகிற ஆட்கள் இருக்கிறோம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

ஷைனிக்கு எல்லாம் தெரியும். கோர்ட்டில் உன் கடிதத்தை உரக்க வாசித்தபோது அவள் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். நீ பார்த்திருப்பாய். இல்லை, நீ தலையைத் தூக்கவில்லை.

நேற்று முன்தினம் பெரிய வியாழன். சாவு நடந்த வீட்டில் அடுத்த பெசகாவுக்கு அப்பம் சுடக் கூடாதே, ஆறு மணி வரை அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தோம். யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்றே நினைத்தேன். சூனியக்காரி வீட்டுக்கு யார் வருவார்? குஞ்ஞன்னம் வேலியைச் சுற்றி வாசல் வழியாக, முக்காடு போட்டுக்கொண்டு, அப்பத்தையும் பாலையும் கொண்டுவந்து வைத்தாள். அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை நேராக ஒட்டியிருந்தது. குடும்பத்தில் மூத்த ஆண்பிள்ளை அப்பத்தைப் பிட்க வேண்டுமென்று லோனப்பனைக் கூப்பிடப் போனேன். ஷைனி விடவில்லை. "இந்த வீட்ல இப்ப நான்தான் பெரிய ஆளு. நானே பிட்டுக் குடுக்கிறேன், அத்தை" என்றாள். பிட்டாள். முதல் துண்டை எனக்குக் கொடுத்தாள். வாங்கித் தின்ன எனக்கு வெகு நேரம் பிடித்தது.

நேற்று பெரிய வெள்ளி. கோயிலில் கசப்பு குடித்துவிட்டு மூன்றரைக்குத் திரும்பினோம். இந்த வருடம் நான் மௌனம் இருக்கவில்லை, அவளையும் இருக்கச் சொல்லவில்லை. அவள் சிலுவைக்கு முன்னால், அம்மா உட்காரும் இடத்திலேயே, கால் மடித்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சுப் பார்த்தாள். அம்மா நோட்டிலிருந்து அவளாகவே படித்துச் செய்கிறாள். நான் தடுப்பதில்லை, சொல்லிக்கொடுப்பதும் இல்லை. கடிகாரம் நாலு அடித்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அம்மா கத்தியிருந்தா லோனப்பன் மாமா எவ்வளவு நேரத்துல வந்திருப்பாரு?"

தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியணும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஒருத்தியிடம் அப்படிச் சொன்னது போதும் என்று விட்டுவிட்டேன். ஷைனி எழுந்து அடுக்களைக்குப் போனாள், அம்மிக்குப் பக்கத்தில் நின்றாள், இரண்டு கையையும் முட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பொறிஞ்சு, அந்தச் சத்தத்தை நான் என்னவென்று எழுதுவேன். கூரையில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. ஐம்பது நாள் நோன்பல்ல, ஒரு வருடத்து மூச்சு அது.

நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். வேண்டுதலுக்காக அல்ல. எண்ணுவதற்கு எனக்கு வேறு அளவு தெரியாது. அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே. வேலி முள் ஒடிகிற சத்தம் கேட்டது. பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே என்று சொல்லி முடிப்பதற்குள் லோனப்பன் அடுக்களைக்குள் நின்றான். கையில் கஞ்சிப் பருக்கை ஒட்டியிருந்தது. காலில் முள் கிழித்து ரத்தம். யாருடைய கையைப் பிடிப்பது என்று தெரியாமல் நாலாபுறமும் பார்த்தான்.

பாதி ஜெபம்கூட இல்லை, பொறிஞ்சு.

ஷைனி அவனிடம் ஒன்றும் விளக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், அம்மியைப் பார்த்தான். புரிந்துகொண்டான். அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "இவ்வளவு பக்கத்துலதானேடி இருந்தேன் மகளே. நான் கஞ்சி குடிச்சிட்டுதானே இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நாலு மணிக் கேலி செய்த வாய் அது.

இன்றைக்குச் சனிக்கிழமை. நான் சவாசனத்தில் படுக்கவில்லை. ஷைனியும் படுக்கவில்லை. இரண்டு பேரும் வேலியில் நீ வைத்த முள்ளை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். சாயங்காலத்துக்குள் ஒரு ஆள் ஓடி வரும் அளவுக்கு வழி விட்டுவிடுவோம்.

எலிசுவா